42.195 கிலோமீட்டரைப் பங்கிட்டு ஓடுவது எப்படி: சென்னை மாரத்தானை முன்வைத்து ஒரு வழிகாட்டி

முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்து, மாதக்கணக்கில் பயிற்சியும் செய்துவிட்டு, பந்தய நாளில் 30ஆம் கிலோமீட்டரைத் தாண்டியதும் நடக்கத் தொடங்கிவிடுகிறவர்கள் ஏராளம். காரணத்தைத் தேடிப் போனால், அது பெரும்பாலும் முதல் 10 கிலோமீட்டரை அவர்கள் ஓடிய வேகத்தில்தான் கிடைக்கும். இரண்டு மூன்று வாரமாகப் பயிற்சியைக் குறைத்து ஓய்ந்திருந்த கால்கள், விடியாத வானம், முன்னும் பின்னும் ஓடும் கூட்டம், சாலையோரத்துக் கைதட்டல் என எல்லாம் சேர்ந்து, தாங்க முடியாத வேகத்தையும் எளிதானதாகக் காட்டிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் செய்யும் செலவுக்கான கணக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்கிறது. ஆகவே வேகத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதும், முடிவு செய்த வேகத்தைக் கூட்டத்தின் நடுவே காப்பாற்றிக்கொள்வதும் பயிற்சிக்கு இணையான தயாரிப்பு என்றே நான் கருதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்குச் சென்னை மாரத்தானை எடுத்துக்கொள்கிறேன். சமதளம், கடற்காற்று, ஈரப்பதம், விடிந்தபின் ஏறும் வெயில் ஆகிய நான்கும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அங்கே பொருந்தும் திட்டத்தைச் சிறிது மாற்றினால் மற்ற ஊர்களுக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

இலக்கு நேரத்தை எங்கிருந்து எடுப்பது

ஆசையிலிருந்து எடுக்கக் கூடாது. அண்மையில் முழு முயற்சியுடன் ஓடிய ஓர் அரை மாரத்தானிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு தூரத்தில் பதிவான நேரத்தைக் கொண்டு வேறொரு தூரத்துக்கான நேரத்தைக் கணிக்க ஓட்டக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ரீகல் சூத்திரத்தின்படி, தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகிறது. அரை மாரத்தானை 2 மணி நேரத்தில் முடித்தவருக்கு இது 4 மணி 10 நிமிடத்தைக் காட்டும். ஆனால் அந்தக் கணக்கு, முழு மாரத்தானுக்குத் தேவையான நீண்ட ஓட்டங்களை எல்லாம் ஒழுங்காக முடித்தவருக்கும், குளிர்ந்த வானிலைக்கும்தான் பொருந்தும். முதன்முறையாக முழுத் தூரத்தில் இறங்குகிறவர், அதிலும் நம் ஊர்க் காற்றில் ஓடுகிறவர், அதே அரை மாரத்தான் நேரத்தை வைத்துக்கொண்டு 4 மணி 30 நிமிடத்தை இலக்காகக் கொள்வதே நல்லது. 20 நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்வது கோழைத்தனம் ஆகாது. உண்மையில் உடலில் மிச்சம் இருந்தால் கடைசி 10 கிலோமீட்டரில் அதை வெளிக்கொண்டுவர வாய்ப்பு இருக்கிறது. இல்லாததை இருப்பதாக எண்ணிச் செலவழித்தவருக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

இலக்கை முடிவு செய்ததும் அதைக் கிலோமீட்டர் வேகமாக மாற்றிக்கொள்ளுங்கள். 4 மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. நாலரை மணி என்றால் 6 நிமிடம் 24 விநாடி. 5 மணி என்றால் 7 நிமிடம் 6 விநாடி. ஐந்தரை மணி என்றால் 7 நிமிடம் 49 விநாடி.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பந்தயப் பாதையை அளப்பவர்கள், வளைவுகளில் உள்ளோரத்தை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் வழியாகவே அளக்கிறார்கள். அளவு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 42 மீட்டர், கூட்டியும் வைக்கிறார்கள். நீங்களோ தண்ணீர் மேசைக்காக ஓரம் ஒதுங்குவீர்கள், மெதுவாகப் போகிறவர்களைச் சுற்றிக்கொண்டு போவீர்கள், வளைவில் வெளிப்பக்கம் தள்ளப்படுவீர்கள். இவற்றோடு ஜிபிஎஸ் பிழையும் சேர, முடிவுக்கோட்டில் கைக்கடிகாரம் 42.6 கிலோமீட்டர் என்று காட்டுவது மிகச் சாதாரணம். அப்படியானால் நாலரை மணிக்குள் முடிக்கக் கடிகாரத்தில் தெரிய வேண்டிய சராசரி 6:24 அன்று, 6:20. இந்த நான்கு விநாடியைக் கணக்கில் கொள்ளாததால்தான் பலர் "கடிகாரப்படி சரியாகத்தானே ஓடினேன்" என்று கூறிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடத்தில் இலக்கைத் தவறவிடுகிறார்கள். கடிகாரம் கிலோமீட்டரைத் தானாகப் பிரிப்பதை நிறுத்திவிட்டு, சாலையோரத்துக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது நீங்களே பொத்தானை அழுத்திப் பிரித்துக்கொள்வது இதற்கு எளிய தீர்வு. அந்தந்த நொடியின் வேகத்தைக் காட்டும் எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிடுவதும் நல்லது. மேம்பாலத்தின் அடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அந்த எண் தாறுமாறாகத் துள்ளும். அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் மூச்சும் தாறுமாறாகிவிடும்.

முதல் 5 கிலோமீட்டரில் இழப்பது எவ்வளவு

பின்னால் களைத்துவிடுவோம், எனவே முன்னாலேயே நேரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்ற எண்ணம் மிகப் பரவலானது. இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

இலக்கு நாலரை மணி என்று கொள்வோம். முதல் 10 கிலோமீட்டரில் ஒவ்வொரு கிலோமீட்டரையும் 20 விநாடி வேகமாக ஓடினால் சேர்வது 3 நிமிடம் 20 விநாடி. அதன் விளைவாகக் கடைசி 10 கிலோமீட்டரில் கால்கள் இறுகி, கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம் தாமதமானால் (இது மிதமான மதிப்பீடுதான், நடக்க நேர்ந்தால் இன்னும் கூடும்), இழப்பது 15 நிமிடம். இதற்கு நேர்மாறாக, முதல் 5 கிலோமீட்டரை 6:35 என்ற வேகத்தில், அதாவது இலக்கைவிடக் கிலோமீட்டருக்கு 11 விநாடி மெதுவாக ஓடினால் இழப்பது மொத்தம் 55 விநாடி மட்டுமே. மீதமுள்ள 37 கிலோமீட்டரிலும் கிலோமீட்டருக்கு இலக்கைவிட 2 விநாடி வேகமாக, 6:22 என்ற வேகத்தில் ஓடினால் 74 விநாடி திரும்பக் கிடைத்துவிடுகிறது. 6:24க்கும் 6:22க்கும் உள்ள வேறுபாட்டைக் கால்கள் உணரப்போவதில்லை.

இத்திட்டத்தின்படி 5 கிலோமீட்டரை 32:55லும், 10 கிலோமீட்டரை 1:04:45லும், பாதித் தூரத்தை ஏறத்தாழ 2:15:25லும், 30 கிலோமீட்டரை 3:12:05லும், 40 கிலோமீட்டரை 4:15:45லும் கடந்து, 4:29:43க்கு முடிக்கலாம். இந்த ஐந்தாறு எண்களை முன்கையின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதிக்கொள்ளுங்கள். 30ஆம் கிலோமீட்டருக்குப் பிறகு மனக்கணக்கு போடும் தெளிவு பெரும்பாலானோருக்கு இருப்பதில்லை. எழுதியிருப்பதைப் பார்த்தால் போதும் என்ற நிலை அப்போது பெரிய உதவி.

உலகத் தரத்து ஓட்டங்களும் இதைக் காட்டுகின்றன. 2022இல் பெர்லினில் எலியுட் கிப்சோகே 2:01:09 என்ற உலக சாதனையைப் படைத்தபோது முதல் பாதியை 59:51லும் இரண்டாம் பாதியை 61:18லும் ஓடினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் அந்தச் சாதனையை 2:00:35 என்று திருத்தியபோது, அவரது முதல் பாதி 60:48. இரண்டாம் பாதி 59:47. பாதித் தூரத்தில் கிப்சோகேயைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தவர் 34 விநாடி முன்னதாக முடித்தார். அவர்களுடைய வேகத்துக்கும் நம்முடைய வேகத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் இரண்டு பாதிகளுக்கும் இடையிலான வேறுபாடு அந்த உயரத்திலும் ஒன்றரை நிமிடத்துக்குள் இருந்தது என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

சீரான வேகம் இத்தனை முக்கியமானதாக இருப்பதற்கு எரிபொருள் ஒரு காரணம். ஓடுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு முழுத் தூரத்துக்கும் 2700 கிலோகலோரிக்குக் குறையாமல் தேவைப்படும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தாகச் சேர்ந்திருப்பது தோராயமாக 2000 கிலோகலோரி. மீதியைக் கொழுப்பும், வழியில் உண்பதும் ஈடுகட்ட வேண்டும். வேகம் கூடக்கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைக்கோஜனையே அதிகம் நாடுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாக ஓடியவர் எந்த இருப்பை இறுதிவரை காக்க வேண்டுமோ அதையே முதலில் கரைத்துவிடுகிறார். 30, 32ஆம் கிலோமீட்டர் அளவில் கால்கள் ஈயமாகி, தலை லேசாகி, வேகம் திடீரென்று சரியும் அந்த நிலையைத்தான் ஓட்டக்காரர்கள் 'சுவரில் மோதுவது' என்கிறார்கள்.

சென்னையில் வெயிலோடு போடும் கணக்கு

மாரத்தான் ஓட்டத்துக்கு உகந்த வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ஜனவரி முதல் பகுதியில் நடக்கும் சென்னை மாரத்தானில், அந்நகரத்தின் ஆண்டு முழுவதிலும் மிகக் குளிர்ந்த நாள்களில்கூட, தொடக்கத்தில் 20 முதல் 22 டிகிரி இருக்கும். காற்றில் ஈரப்பதமும் மிகுந்திருக்கும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் சட்டையிலும் காலுறையிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. எனவே ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு நிமிடத்துக்குப் பத்துத் துடிப்புகள் கூடியிருந்தால் வியப்பதற்கில்லை. குளிர்ந்த நாட்டில் கிடைத்த நேரத்தை இங்கே அப்படியே இலக்காக வைத்துக்கொள்கிறவர், கிலோமீட்டருக்குக் குறைந்தது 10 முதல் 15 விநாடியை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முழு மாரத்தான் அதிகாலை 4 மணியளவில் நேப்பியர் பாலத்தருகே தொடங்குகிறது. ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஆறரை மணிக்கு. மேற்சொன்ன நாலரை மணித் திட்டத்தில் ஓடுகிறவர் சூரியன் உதிக்கும்போது 23ஆம் கிலோமீட்டரைத் தாண்டியிருப்பார்; வெயில் உறைக்கத் தொடங்கும் ஏழரை மணிக்கு 33ஆம் கிலோமீட்டரை நெருங்கியிருப்பார். அவர் வெயிலில் ஓட வேண்டியது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஐந்தரை மணி நேரத்தில் முடிக்கத் திட்டமிடுகிறவரோ ஏழரை மணிக்கு 27ஆம் கிலோமீட்டரில்தான் இருப்பார். அவருக்கு இன்னும் 15 கிலோமீட்டர் மீதமிருக்கும். மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் இந்தப் பந்தயம் கடினமானது. அவர்கள்தான் முதல் பாதியில் இன்னும் கூடுதலாக அடக்கி ஓட வேண்டும், இரண்டாம் பாதி 5 முதல் 10 நிமிடம் வரை தாமதமாவதைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். இருட்டில் வேகமாக ஓடி வெயிலை முந்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். அப்படிப் பெறும் பத்து நிமிடம், சூடேறிய உடலோடு வெயிலுக்குள் நுழையும்போது பயனற்றுப்போகும்.

கடற்கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்லும் பகுதியில், காலைச் சூரியன் இடப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்து மதில்களும் மரங்களும் ஏழு மணியளவில் சாலையோரத்தில் ஒரு பட்டை நிழலைத் தருகின்றன. பாதை மிகக் குறுகிய கோட்டின் வழியாகவே அளக்கப்படுகிறது என்று மேலே கூறியிருந்தாலும், விடிந்தபின் நான் நிழலுக்கே முதலிடம் கொடுப்பேன். பத்து இருபது மீட்டர் கூடுதலாக ஓடினாலும் இழப்பில்லை.

பாதையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெரினாவை ஒட்டிய காமராசர் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. வழியில் வரும் பாலங்களில் கால்வீச்சைக் குறுக்கி, மூச்சு மாறாமல் ஏறி, கிலோமீட்டருக்குப் பத்து விநாடி போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். மும்பையில் நிலைமை வேறு: அங்கே பல ஆண்டுகளாக இருந்த வழித்தடத்தில் பெடர் சாலை ஏற்றம், போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது 35 கிலோமீட்டர் அளவில் இன்னொரு முறையும் வரும், அதற்கெனத் தனியாக ஒரு நிமிடமேனும் ஒதுக்க வேண்டும். போஸ்டனில் தொடக்கம் இறக்கமாக இருப்பதே ஆபத்து. கால்கள் தாமாகவே ஓடுவதுபோல் இருக்கும். ஆனால் தொடைத் தசைகள் இறக்கத்தில் அடிபட்டுவிட்டால், 26ஆம் கிலோமீட்டருக்கு மேல் வரும் நியூட்டன் ஏற்றங்கள் அதை வெளிக்காட்டிவிடும். 2023இல் அங்கே தொடக்கத்திலிருந்து முன்னணியில் ஓடிய கிப்சோகேயே, அந்த ஏற்றங்களில் பின்தங்கி, 2:09:23இல் ஆறாவதாகத்தான் முடித்தார். வழித்தடங்கள் மெட்ரோ பணி முதலிய காரணங்களால் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். பந்தயத்துக்கு முந்தைய வாரம் வெளியாகும் வரைபடத்தில் பாலங்கள், திருப்பங்கள், தண்ணீர் மேசைகள் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சமதளத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே தசைகள் ஒரே கோணத்தில் பல்லாயிரம் முறை இயங்குகின்றன; ஏற்ற இறக்கம் தரும் இயற்கையான மாற்றம் இல்லை. ஆகவே நீங்களே மாற்றத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் மேசைதோறும் முப்பது அடி நடப்பது ஒரு வழி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய, சில நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கும் முறை இன்னொரு வழி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இம்முறையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: களைத்த பிறகு நடப்பதற்காக அல்லாமல், களைக்காமல் இருப்பதற்காக முதல் கிலோமீட்டரிலிருந்தே நடக்க வேண்டும். நான்கு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று வைத்துக்கொண்டால், அதையே நீண்ட பயிற்சி ஓட்டங்களிலும் கடைப்பிடித்துப் பழகியிருக்க வேண்டும்.

பயிற்சியில் வேகத்தைப் பழகுதல்

வாரயிறுதி நீண்ட ஓட்டங்களை இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்கூட மெதுவாக ஓடலாம்; பெரும்பாலானவை அப்படியே இருக்கட்டும். கடைசி இரண்டு மாதத்தில் மூன்று நான்கு ஓட்டங்களில் மட்டும், மெதுவாகத் தொடங்கிக் கடைசி 8 முதல் 10 கிலோமீட்டரை இலக்கு வேகத்தில் முடியுங்கள். களைத்த காலில் அந்த வேகம் எப்படி இருக்கும் என்பதைக் கடிகாரத்தைப் பார்க்காமலேயே உடல் அறிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. மிக நீண்ட ஓட்டத்தைப் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னதாக முடித்துவிட்டு, பிறகு தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரின் அளவையும் இந்த ஓட்டங்களிலேயே கண்டறிந்துவிடலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை வெளியேறியிருக்கிறது என்று கொள்ளலாம்; வழியில் ஏதாவது குடித்திருந்தால் அதையும் இதோடு கூட்ட வேண்டும். அது முழுவதையும் பந்தயத்தில் ஈடுகட்ட வேண்டியதில்லை. எடையில் இரண்டு விழுக்காடு வரை குறைவதை உடல் தாங்கிக்கொள்ளும். முடிவில் எடை கூடியிருக்கும்படி குடிப்பதுதான் தவறு. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், குமட்டலும் தலைவலியும் குழப்பமும் உண்டாகும். உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு.

பந்தயக் காலையும் முதல் பாதியும்

4 மணிக்கு ஓட வேண்டும் என்றால் ஒன்றரை மணிக்கே எழுந்து எளிதில் செரிப்பதை உண்டுவிட வேண்டும். இரண்டு மூன்று இட்லியும் சர்க்கரையும், அல்லது ரொட்டியும் வாழைப்பழமும் போதும். தேங்காய்ச் சட்னியையும் எண்ணெயையும் அன்று விட்டுவிடுங்கள். முந்தைய இரண்டு நாளும் சோறு, இட்லி, உருளைக்கிழங்கு போன்ற மாவுப்பொருளைச் சற்றுக் கூட்டி, கீரையையும் பயறையும் குறைத்துக்கொள்வது வயிற்றுக்கு நல்லது.

வரிசையில் நிற்கும்போது உங்கள் இலக்கு நேரத்துக்கு உரிய இடத்தில் நில்லுங்கள். முன்னால் போய் நின்றால் வேகமானவர்கள் உங்களை இழுத்துச் செல்வார்கள். மிகவும் பின்னால் நின்றால் முதல் 3 கிலோமீட்டர் முழுவதும் ஆட்களைச் சுற்றிச் சுற்றி ஓட நேரும். எண் அட்டையில் உள்ள சிப், நீங்கள் தொடக்கக்கோட்டைத் தாண்டும் நொடியிலிருந்துதான் உங்கள் நேரத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே கொடியசைத்த பிறகு கோட்டை அடைய ஆகும் நிமிடங்களுக்காகப் பதற வேண்டியதில்லை.

இலக்கு நேரம் எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் பேசர்களோடு சேர்ந்து போவது பலருக்கு உதவியாக இருக்கிறது. தொடங்குவதற்கு முன் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சீரான வேகத்தில் ஓடுவாரா, ஓட்டமும் நடையுமாகப் போவாரா, அவரது கணக்கு கொடியசைத்த நேரத்திலிருந்தா, சிப் நேரத்திலிருந்தா. உங்கள் திட்டத்தோடு ஒத்துவந்தால் அவருக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னாலோ முன்னாலோ ஓடுங்கள். கொடிக்குக் கீழே நெருக்கமாக ஓடும் கூட்டத்தில் சிக்கினால் தண்ணீர் மேசையில் இடிபடுவீர்கள். அவர் தொடக்கத்திலேயே திட்டத்தைவிட வேகமாகப் போனால் தயங்காமல் விட்டுவிடுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் வேகத்தைச் சரிசெய்துகொண்டால் திரும்பவும் பிடித்துவிடலாம்.

முதல் 5 கிலோமீட்டரில் சோதனை ஒன்றுதான். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு நீண்ட வாக்கியத்தை, நடுவில் மூச்சு வாங்காமல், இயல்பான குரலில் பேசிப் பாருங்கள். முடியாவிட்டால், கடிகாரம் என்ன காட்டினாலும் வேகம் அதிகம். இந்தக் கட்டத்தில் 'இவ்வளவு மெதுவாகவா' என்று தோன்ற வேண்டும். நூறு பேர் உங்களைத் தாண்டிப் போக வேண்டும். 10ஆம் கிலோமீட்டரிலும் பேச்சு எளிதாக வர வேண்டும். 21ஆம் கிலோமீட்டரில் சிறிய வாக்கியமாகக் குறைந்திருக்கலாம். சொற்கள் ஒன்றிரண்டாகச் சுருங்குவது 30க்குப் பிறகுதான் இருக்க வேண்டும்.

உண்ணவும் குடிக்கவும் பசியும் தாகமும் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. பெரும்பாலான ஜெல் பொட்டலங்களில் 20 முதல் 25 கிராம் இருப்பதால், 40 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவதைத் தொடங்கிய 40ஆம் நிமிடத்திலேயே எடுத்துவிட வேண்டும். பேரீச்சம்பழமும் வாழைப்பழத் துண்டும் நன்றாகவே வேலை செய்யும்; மூச்சிரைக்கும்போது கடலைமிட்டாயை மெல்வது எளிதன்று. ஜெல்லைத் தண்ணீரோடு விழுங்குங்கள். இனிப்பான உப்புக்கரைசலோடு சேர்த்தால் வயிறு புரட்டும். பந்தய நாளில் புதிதாக எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

தண்ணீர் மேசையில் முதல் மேசையிலேயே கூட்டம் மொய்க்கும்; சற்றுத் தள்ளியுள்ள கடைசி மேசையை நோக்கிப் போங்கள். காகிதக் குவளையாக இருந்தால் எடுத்ததும் அதன் வாய்ப்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்துக் கிள்ளினால் பறவை அலகுபோல் ஒரு சிறு மூக்கு உண்டாகும். அதன் வழியே ஓடிக்கொண்டே மூன்று மிடறு குடிக்கலாம், மூக்கில் ஏறாது. மீதியைப் பிடரியிலும் முன்கையிலும் ஊற்றிக்கொள்ளுங்கள். காலில் வழியும்படி ஊற்ற வேண்டாம். நனைந்த காலுறை அடுத்த பத்துக் கிலோமீட்டருக்குள் கொப்புளமாக்கிவிடும்.

30ஆம் கிலோமீட்டருக்குப் பிறகு

21 முதல் 30 வரையிலான தூரத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. திட்ட வேகத்தில் இருங்கள், நேரத்துக்கு உண்ணுங்கள், கவனம் சிதறி வேகம் குறைவதை ஒவ்வொரு பலகையிலும் சரிபாருங்கள். நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் இங்கே வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

30ஆம் கிலோமீட்டரில் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: கெண்டைக்கால் இழுக்கிறதா, தோள்கள் காதுவரை ஏறிவிட்டனவா, கடந்த இரண்டு கிலோமீட்டரும் திட்ட நேரத்துக்குள் வந்தனவா. எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதே வேகத்தில் 35 வரை சென்று, அதன்பின் கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி வேகமாக ஓடிப் பார்க்கலாம். இந்தக் கட்டத்தில் வேகத்தை அப்படியே காப்பதற்கே முன்னைவிட அதிக முயற்சி தேவைப்படும். அது திட்டம் தவறிவிட்டதன் அடையாளம் அன்று, இந்தத் தூரத்தின் இயல்பு.

வேகம் குறையத் தொடங்கிவிட்டால், இழந்ததை அடுத்த கிலோமீட்டரிலேயே மீட்க முயலாதீர்கள். முதலில் ஒரு ஜெல்லும் நாலைந்து மிடறு உப்புக்கரைசலும் எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் வேகமாக நடங்கள். பிறகு கால்வீச்சைக் குறுக்கி, அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, கிலோமீட்டருக்கு 20 விநாடி மெதுவான ஒரு புதிய வேகத்தை வகுத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள தூரத்துக்கு இதுதான் திட்டம். பழைய இலக்கை மறந்துவிடுங்கள். 33இல் இப்படி ஒழுங்காக இறங்கியவர் இழப்பது மூன்று நிமிடத்தைச் சுற்றித்தான். பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய் 36இல் தசைப்பிடிப்பில் நின்றவர் இழப்பதைக் கணக்கிட முடியாது. தசை பிடித்துக்கொண்டால் அந்தத் தசையை மெதுவாக நீட்டிப் பிடித்து, அது தளர்ந்த பிறகு நடந்து, பிறகே ஓடுங்கள்.

வலிமாத்திரைகளை ஓடும்போது விழுங்காதீர்கள். உடலில் நீர் குறைந்த நிலையில் ஐபுபுரூஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வெயிலில் உடல் சிலிர்த்தல், தான் எங்கே இருக்கிறோம் என்பதிலேயே குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஓட்டத்தை நிறுத்தி, அருகிலுள்ள தொண்டரிடமோ மருத்துவக் குழுவிடமோ சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினால் அவருக்காக நீங்களும் நிற்க வேண்டும். இதில் நேரக்கணக்குக்கு இடமில்லை.

40ஆம் கிலோமீட்டர் பலகையைத் தாண்டிய பிறகு கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மீதமிருப்பது 2.195 கிலோமீட்டர். இதுவரை அடக்கி வைத்திருந்தது எதுவோ அதைச் செலவழிப்பதற்கான இடம் இதுதான். கையை இடுப்பின் அருகே இறுக்கமில்லாமல் வேகமாக வீசினால் கால்களும் அதைப் பின்பற்றும்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடமாவது நடந்துகொண்டே இருங்கள். திடீரென்று நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் உப்பும் மாவுச்சத்தும் புரதமும் உள்ள உணவை உண்ணுங்கள்.

அதிகாரபூர்வ முடிவுகள் வெளியானதும், மொத்த நேரத்தைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், 5, 10, 21.1, 30 என்று பாதையில் எங்கெல்லாம் நேரம் பதிவாகியிருக்கிறதோ அவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி வேகத்தைக் கணக்கிடுங்கள். இரண்டாம் பாதி முதல் பாதியைவிட 5 நிமிடத்துக்குள் கூடியிருந்தால், நம் தட்பவெப்பத்தில் அது நல்ல பங்கீடு. அடுத்த முறை இலக்கைச் சில நிமிடம் குறைக்கலாம். 15 நிமிடத்துக்கு மேல் கூடியிருந்தால் முதல் 10 கிலோமீட்டரின் வேகத்தைப் பாருங்கள். அது திட்டத்தைவிட வேகமாக இருந்தால் அடுத்த பந்தயத்துக்கு அதே இலக்கை வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். திட்டப்படியே இருந்தும் பின்னால் சரிந்திருந்தால், இலக்கு நேரத்தைக் கூட்டுவதோ நீண்ட ஓட்டங்களை அதிகப்படுத்துவதோ தேவைப்படும்.